கஜபதியின் கார்க் கதவு

கஜபதி இறந்துவிட்டான் என்று போனில் கேட்டதும் என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "அதெப்படி?" என்பதுதான். திங்கட்கிழமை காலை. மண்ணூர்பேட்டையில் என் உதிரிபாகக் கடையின் ஷட்டரை அப்போதுதான் தூக்கியிருந்தேன். ஆவடியிலிருந்து அவன் மைத்துனர் பேசினார். விடியற்காலையில் நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம். அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது கோபம். ஒரே ஒரு முறையாவது அவனை ஜெயிக்க வேண்டும் என்று காத்திருந்தவன் நான். கடைசிவரை பிடி கொடுக்காமலே போய்விட்டான்.

போனவரைப் பற்றி நல்லது மட்டும் பேச வேண்டும் என்பார்கள். நம் கார் பந்தயச் சங்கத்து நண்பர்களாகிய உங்களுக்கு அவனையும் தெரியும், என்னையும் தெரியும். அதனால் நடிக்கப் போவதில்லை. கஜபதி மேல் எனக்கு இருந்தது பொறாமை. அவன் ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்தான், ஆவடி குவார்ட்டர்ஸில் குடியிருந்தான், என்னைப் போலவே ஒரு பழைய ஃபியட் வைத்திருந்தான். என் கடையில் வாங்கிய சாமான்களைத்தான் அதில் மாட்டினான். அதே சாமான்களோடு சோழவரம் விமான ஓடுதளத்தில் எனக்கு முன்னால் போனான். விற்றவன் நான், ஜெயித்தவன் அவன். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

சங்கம் ஆரம்பித்த புதிதில் நாம் கார்களை இன்ஜின் அளவை மட்டும் பார்த்துப் பிரித்தோம். ஆபீசுக்குப் போய்வரும் ஃபியட்டும், பின் சீட்டைக் கழற்றி எறிந்து இரண்டு கார்புரேட்டர் மாட்டிய ஃபியட்டும் ஒரே வரிசையில் நின்றன. கொடி அசைக்கும் முன்பே முடிவு எல்லோருக்கும் தெரியும். ஒரு கூட்டத்தில் கஜபதி எழுந்தான். "இன்ஜின் சைஸ் பாத்து கிளாஸ் பிரிக்கிறது, சட்டை சைஸ் பாத்து பயில்வானைப் பிரிக்கிற மாரி கீது" என்றான். காரில் செய்த ஒவ்வொரு மாற்றத்துக்கும் புள்ளி கொடுக்கலாம் என்றான். கைபடாத வீட்டு வண்டி சி வகுப்பு, கொஞ்சம் மாற்றியது பி, அடியோடு மாற்றியது ஏ. "தோத்தவன் ஊட்டுக்குப் போயி நிம்மதியா துன்னணும். அப்பத்தான் கிளாஸ் பிரிச்சது கரெக்டு." எல்லோரும் கை தட்டினார்கள். உதிரிபாகக் கடை வைத்திருக்கும் எனக்கு இந்த யோசனை வரவில்லையே என்று நானும் தட்டினேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

புள்ளி வந்ததும் ஒளிப்பதும் வந்தது. மாற்றியதைச் சொல்லாமல் மறைத்தார்கள். அதற்கும் அவனே வழி சொன்னான். போன பந்தயத்தில் உனக்குப் பின்னால் வந்தவன்தான் இந்த முறை உன் காரைச் சோதிப்பான், சோதித்து வகுப்பைப் பின் கண்ணாடியில் சாக்பீஸால் எழுதுவான். இது எப்படிச் சரிவரும், அவன் வேண்டுமென்றே குற்றம் கண்டுபிடிப்பானே என்றார்கள். "கண்டுபுடிக்கட்டுமே. வயிறு எரியிறவன் கண்ணுக்குத்தான் எதுவும் தப்பாது. ஆனா கண்டுபுடிச்சதை எல்லார் எதிர்லயும் காட்டணும்" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். பி வகுப்பில் எப்போதும் அவன் முதல், நான் இரண்டாவது. ஆகவே அவன் காரைச் சோதிக்கும் வேலை எப்போதும் எனக்குத்தான்.

பூந்தமல்லிக்காரர் ஒருவரை இந்த முறைப்படி மேல் வகுப்புக்கு ஏற்றியபோது, கஜபதியின் சட்டையைப் பிடிக்க வந்தார். அடுத்த மாதம் அதே மனிதர் அவன் வீட்டுக்குப் பிரியாணிப் பாத்திரத்தோடு போனார். என் கடையில் விலை குறைத்து வாங்கிப் போகிறவர்கள் மறுநாளும் வந்து பேரம் பேசுவார்கள். ஒரு டீ வாங்கிக் கொடுத்தவர் இல்லை.

அவன் காரில் நான் குற்றம் கண்டுபிடித்த அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அவன் ஃபியட்டை ஒரு மணிநேரம் குடைந்தேன். இன்ஜினில் ஒன்றும் இல்லை. சோர்ந்துபோய்க் கதவைச் சாத்தினேன். சத்தம் தகரடப்பா போல லேசாக வந்தது. அவன் கார்க் கதவின் சத்தம் எனக்கு மனப்பாடம், இது அது இல்லை. மறுபடி திறந்து சாத்தினேன். நான்கு கதவிலும் கண்ணாடி இல்லை, ஏற்றி இறக்கும் கைப்பிடியும் இல்லை, உள்ளே இருக்கும் இரும்பும் இல்லை. கண்ணாடிக்குப் பதில், பார்வைக்குக் கண்ணாடி போலவே தெரியும் பிளாஸ்டிக் தகடு.

"இன்னா மச்சான் இது?"

"தண்ணி நின்னு துரு புடிச்சிச்சி, கழட்டிட்டேன். ரிப்பேர்தானே அது" என்றான்.

"எடை கொறைஞ்சிச்சா இல்லியா?"

கஜபதி கதவை ஒருமுறை தானே சாத்திப் பார்த்தான். பிறகு சாக்பீஸை என்னிடம் நீட்டினான். "கரெக்டு மச்சான். ரிப்பேர்னு நெனச்சி கணக்குல வுட்டுட்டேன். நாலு கதவுக்கும் புள்ளி சேத்தா பி தாண்டிடுது. ஏ போடு."

அன்று பி வகுப்பில் நான் முதல். கோப்பை என் கையில் இருந்தது. ஏ வகுப்பில் நாலாவதாக வந்த கஜபதியைச் சுற்றி மொத்தக் கூட்டமும் நின்றது. தான் போட்ட விதிக்குத் தானே கட்டுப்பட்டான் என்று தோளில் தூக்காத குறை. அந்தக் கோப்பை இன்றும் என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவன் இல்லாத பந்தயத்தில் வாங்கியது என்பதுதான் ஞாபகம் வரும்.

அதன்பிறகு அவன் ஏ-யிலேயே தங்கிவிட்டான். "கண்ணாடியை மாட்டிகினு கீழ வா, ஒரே ஒரு வாட்டி" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். "நீ மேல வாயேன்" என்பான். மேலே போனால் கடைசியாக வருவேன், அதை அவன் பார்ப்பான். நான் போகவில்லை. பந்தயம் இருங்காட்டுக்கோட்டைப் புதுப் பாதைக்கு மாறிய பிறகும் எங்கள் பேச்சு மாறவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் அவன் வீட்டுக்குப் போனேன். கார் தார்ப்பாய்க்கு அடியில் இருந்தது. பழக்கதோஷம், கதவைத் திறந்து சாத்தினேன். கனமாக, அடங்கிய சத்தம். பழைய சத்தம். குனிந்து பார்த்தேன். கண்ணாடி, கைப்பிடி, எல்லாம் இருந்தன. எதுவும் என் கடையில் வாங்கியதில்லை.

அவன் மனைவி சரோஜா வாசலில் நின்றிருந்தாள். "போன மாசம்தாண்ணே நாலு கதவுக்கும் மாட்னாரு. உங்களாண்ட சொல்லக்கூடாதுன்னாரு. அடுத்த ரேசுல மச்சான் மூஞ்சிய பாக்கணும்னு சொல்லிகினே இருந்தாரு."

நான் மேலே போகத் துணியவில்லை. அவன் கீழே இறங்கி வந்துவிட்டான். இதிலும் முந்திக்கொண்டான் பாவி. அவனிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பொறாமைதான். அதை யாருக்கும் விட்டுத்தர மாட்டேன்.

பானட்டைத் திறந்து, விதிப்படி, ஒன்று விடாமல் சோதித்தேன். டாஷ்போர்டில் சாக்பீஸ் கிடந்தது. பின் கண்ணாடியில் பெரிதாக 'பி' என்று எழுதினேன்.

"இன்னாண்ணே எழுதினீங்க?" என்றாள் சரோஜா.

"எங்க கிளாஸும்மா" என்றேன்.