அப்புவின் உடல்வாகு

மரியநாயகத்தின் தகப்பன் செபமாலை, ஊர்காவற்றுறையில் வலைகளும் ஆட்களும் வைத்திருந்த சம்மாட்டி. கடலுக்குப் போன காலத்திலேயே பெருத்த ஆள். ஆட்களை ஏவித் தொழில் நடத்தத் தொடங்கியபின் இன்னும் பெருத்தார். ஐம்பதைக் காணாமலே ஒருநாள் கடற்கரையில் தன் மீன்வாடியில் இருந்தபடி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர், பிறகு எழும்பவில்லை. மூத்தவள் அல்போன்சம்மாவுக்கும் இளையவர் மரியநாயகத்துக்கும் அதே உடல்வாகு.

மரியநாயகம் இங்கிலீசு படித்து, ஆயிரத்துத் தொளாயிரத்து இருபதுகளின் தொடக்கத்தில் கொழும்புத் துறைமுகத்தில் ஒரு கம்பனிக்குக் கிளாக்கராகப் போனார். கொட்டாஞ்சேனையில் வீடு. காலையில் றிக்‌ஷாவில் போய்க் கதிரையில் இருந்தால், மத்தியானச் சோறு மேசைக்கே வரும். பின்னேரம் சிநேகிதர்களோடு சீட்டாட்டம். பக்கத்தில் பொரித்த இறைச்சி. நாற்பது வயதில் குனிந்து சப்பாத்து நாடா கட்ட ஏலாமல் போயிற்று. மனைவி கிறேசம்மா கட்டிவிட்டார்.

தகப்பன் செத்த விதத்தைக் கேட்ட டாக்குத்தர், உடம்பைக் குறைக்காவிட்டால் இவருடைய இதயமும் தாங்காது என்றார். அது பரம்பரை உடம்பு, தன்னால் என்ன செய்ய ஏலும் என்று மரியநாயகம் சொல்லிவிட்டு வந்தார். அன்று முதல் சாவு வரும் என்றே இருந்தார்.

நாற்பத்திரண்டாம் ஆண்டு கொழும்பில் யப்பான்காரனின் குண்டு விழுந்தது. சனம் ஊர்களுக்கு ஓடியது. மரியநாயகமும் கிறேசம்மாவும் யாழ்ப்பாணம் வந்து ஊர்காவற்றுறைக்கு வள்ளம் ஏறினார்கள். வள்ளம் சரியாமல் நடுவில் இருக்கும்படி வள்ளக்காரன் மரியாதையாகச் சொன்னான். மற்றவர்கள் சிரிப்பை அடக்கியது அவருக்குத் தெரிந்தது.

அல்போன்சம்மா புருசனை இழந்தவர். தகப்பனின் தொழிலும் நொடித்துப்போனதால், பனையோலைக் கடகத்தில் கருவாடு சுமந்து, அயலூரான சரவணையின் சந்தைக்கு நடந்து போய் விற்று வந்தார். வெயிலில் வந்து கடகத்தை இறக்கிய அக்காவை மரியநாயகம் பார்த்தார். தன்னுடைய அதே இடுப்பு, அதே கைகள். ஆனால் வாசற்படி ஏறியதற்கே தனக்கு இரைத்தது, அக்காவுக்கு இரைக்கவில்லை. டாக்குத்தர் சொன்னதை அக்காவிடம் சொன்னார்.

அல்போன்சம்மா வெறுங்கடகத்தைத் தட்டிக் கவிழ்த்து வைத்தார். "அப்புவின்ரை உடம்பு எனக்கும் வந்ததுதான். இவ்வளவு நடந்தும் நான் மெலிஞ்சனானோ? இல்லை. ஆனா எனக்கு மூச்சு முட்டிறேல்லை. நாளைக்கு என்னோடை வா," என்றார்.

கொழும்பு உத்தியோகத்தர் கருவாட்டுக் கடகத்துக்குப் பின்னால் நடப்பதை ஊர் வேடிக்கை பார்த்தது. முதல்நாள் சந்தி தாண்டுமுன்பே அவருக்கு மூச்சு முட்டியது. உடனே அல்போன்சம்மா கடகத்தை இறக்கி, கால் உளைகிறது, கொஞ்சம் இருந்துவிட்டுப் போவோம் என்றார். அதற்குப் பிறகும் அப்படித்தான். தம்பியின் நடை தளரும் இடத்திலெல்லாம் அக்காவின் கால் உளைந்தது.

சண்டைக் காலத்தில் கூப்பனுக்குக் கிடைத்த அரிசி வயிற்றுக்குக் காணாது. குரக்கன் பிட்டும், பனங்கிழங்கு மாவில் காய்ச்சிய ஒடியற்கூழும்தான் சாப்பாடு. முதலில் மரியநாயகம் முகம் சுளித்தார். பிறகு பசித்துச் சாப்பிடப் பழகினார். அடுத்த மாரி முடிந்தபோது, கடகத்தைத் தானே தோளில் வைத்துக்கொண்டு எங்கும் நிற்காமல் சரவணை போய்ச் சேர்ந்தார். அக்காவுக்கு அன்று கால் உளையவேயில்லை. இத்தனை நாளும் அது ஏன் உளைந்தது என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது. சந்தைக்குள் நின்று முகத்தைத் துடைப்பதுபோலக் கண்ணைத் துடைத்தார்.

அவர் மெலிந்த ஆளாகவில்லை. வயிறு கொஞ்சம் இறங்கியது, அவ்வளவுதான். யாழ்ப்பாணத்தில் நெஞ்சைச் சோதித்த டாக்குத்தர், இதே நடையை விடவேண்டாம் என்றார்.

சண்டை முடிந்து கொழும்பு திரும்பிப் பழைய வேலையில் சேர்ந்தபின் றிக்‌ஷாக்காரனை நிற்பாட்டினார். கொட்டாஞ்சேனையிலிருந்து துறைமுகத்துக்கு நடந்தே போனார். பியோன் கொண்டுவரும் பைல்களைத் தானே போய் எடுத்தார்.

ஐம்பது வயது நிறைந்த வருடம் கிறேசம்மாவோடு ஊருக்கு வந்து, கோவிலில் நன்றிப் பூசை ஒப்புக்கொடுத்தார். பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும், பல வருடமாக மனதில் வைத்திருந்ததைச் சொன்னார்.

"அக்கா, நீங்கள் இல்லையெண்டால் நான் இண்டைக்கு உயிரோடை இல்லை."

அல்போன்சம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"நடந்தது நீ. நான் கருவாடு விக்கப் போனனான்," என்றார்.

மரியநாயகம் சேட்டுக் கையை மடித்துவிட்டார். குசினிக்குள் போய் அக்காவுக்குப் பக்கத்தில் நிலத்தில் சப்பாணி கட்டி இருந்து, வெட்டிய மீனை ஒவ்வொன்றாகக் கழுவிக் கொடுத்தார்.