பயத்தை எடுத்துடு ஆத்தா

என் குழந்தை வயித்துக்குள்ளயே செத்துப் போயிடும்னு ஒரு வாரம் பூரா எனக்குத் தோணிக்கிட்டே இருந்துச்சு. யார்கிட்டயும் சொல்லலை. வாய் விட்டுச் சொன்னா பலிச்சிடுமோன்னு பயம்.

நம்ம வெள்ளிக்கிழமை விளக்கு பூஜைக்கு வர்ற அக்கா, தங்கச்சி, ஆன்ட்டி எல்லாரும் போன தடவை என்னைப் பேசச் சொன்னீங்க. நாலு பேர் முன்னாடி நின்னா எனக்கு நாக்கு ஒட்டிக்கும். அதனால எழுதிக் குடுக்கறேன், யாராவது சத்தமாப் படிங்க. நடுவுல நான் எந்திரிச்சு கிச்சனுக்குப் போயிட்டா தப்பா எடுத்துக்காதீங்க.

அது தொண்ணூத்தெட்டு நவம்பர். டெக்சாஸ்ல, இந்த காப்பெல் ஊர்ல இப்ப இருக்கிற வீடு இல்லை, அப்ப அபார்ட்மென்ட்ல மாடியில இருந்தோம். கல்யாணமாகி அஞ்சு வருஷம் கழிச்சு நின்ன கர்ப்பம். எங்க வீட்டுக்காரருக்கு ஒய்டுகே வேலை, அதான் ரெண்டாயிரம் வருஷம் பொறக்கறதுக்குள்ள கம்ப்யூட்டரை எல்லாம் சரி பண்ற வேலை, உச்சத்துல இருந்துச்சு. காலையில போனா ராத்திரிதான் வருவாரு. கோபியில இருந்து அம்மா வந்து ஒரு மாசம் ஆயிருந்துச்சு. அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. எனக்குத் தெரியும், ஆனா கார் ஓட்டத் தெரியாது. பகல் முழுக்க நாங்க ரெண்டு பேரும் அந்த நாலு சுவத்துக்குள்ளதான்.

முப்பத்தஞ்சாவது வாரம் வளைகாப்பு வச்சாங்க. கை நிறைய கண்ணாடி வளையல், ரெண்டு கையிலயும் கோன் மருதாணி. அடுத்த நாளே உள்ளங்கை அரிக்க ஆரம்பிச்சுது. கோன்ல ஏதோ கெமிக்கல் போலன்னு நினைச்சோம். தேங்காய் எண்ணெய் தடவினேன். ரெண்டு நாள்ல உள்ளங்கால் அரிச்சுது. கால்ல எங்க மருதாணி வச்சோம்? அப்பவே யோசிச்சிருக்கணும். எங்களுக்கு அந்தப் புத்தி வரலை.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு, பாப்பாவுக்கு முடி வளருது. அதான் அரிக்குது. நீ வயித்துல இருக்கறப்ப எனக்கும் இதே அரிப்புதான். பொறக்கறப்பவே நீ பின்னல் போடற அளவுக்கு முடியோட பொறந்தே"ன்னு அம்மா சிரிச்சாங்க.

நானும் சிரிச்சேன். நம்ம ஊர்ல இதை யார் சொல்லலை? வயிறு அரிச்சா முடி, நெஞ்சு கரிச்சா முடி. அம்மா உச்சந்தலையில விளக்கெண்ணெய் வச்சாங்க, சீரகத் தண்ணி குடுத்தாங்க, உடம்புச் சூடுன்னாங்க. ஒண்ணுக்குப் போனா டீ டிக்காஷன் கலர்ல போச்சு. அதுவும் சூடு.

ஆனா அது சாதாரண அரிப்பு இல்லைங்க. தோலுக்கு மேல ஒரு தடிப்பு கிடையாது, ஒரு பொரி கிடையாது. தோலுக்கு அடியில எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும். சீப்பால சொறிவேன். பாத்டப்ல ஐஸ் தண்ணி விட்டுக் காலை வச்சுட்டு உக்காந்திருப்பேன். சொறிஞ்சு சொறிஞ்சு கணுக்கால்ல ரத்தமே வந்துடுச்சு.

இதுல கொடுமை என்னன்னா, அந்த வாரம் டாக்டர்கிட்ட செக்கப் போனேன். "ஹவ் ஆர் யூ டூயிங்?"னு கேட்டாங்க. "ஃபைன்"னு சொன்னேன். அமெரிக்கா வந்து நான் முதல்ல கத்துக்கிட்ட வார்த்தை அதுதான். ஃபைன் சொல்லலைன்னா அவங்களைக் குறை சொல்ற மாதிரின்னு ஒரு நினைப்பு. முடி வளர்றதுக்கெல்லாம் டாக்டர்கிட்ட போய் அழுவாங்களான்னு ஒரு வெக்கம். காலுக்கு சாக்ஸ் வேற போட்டிருந்தேன். பிபி பார்த்தாங்க, வயித்தை அளந்தாங்க, அனுப்பிட்டாங்க.

அன்னைக்கு வீட்டுக்கு வந்ததுல இருந்துதான் இந்தப் பயம் பிடிச்சுது. காரணமே இல்லை. பாப்பா உதைச்சுக்கிட்டுதான் இருந்துச்சு. உதைக்கிறப்ப நிம்மதி. உதைக்காத அஞ்சு நிமிஷம் உசுரே போயிடும். சோறு எடுத்து வாயில வச்சா இறங்காது. டிவியில ஏதாவது ஓடும், என் கண்ணு வயித்து மேலயே இருக்கும். வீட்டுக்காரர்கிட்ட, "ஏங்க, எனக்கு என்னமோ மாதிரி இருக்கு"ன்னு சொல்வேன். அவரு டென்ஷன்ல, "செக்கப்ல எல்லாம் ஓகேன்னு சொன்னாங்களே டா, ரெஸ்ட் எடு"ன்னுவாரு. அவரையும் குத்தம் சொல்ல முடியாது. நானே ஃபைன்னு சொல்லிட்டு வந்தவதானே.

எங்க குலதெய்வம் அங்காளம்மன். எங்களுக்கு அவ ஆத்தா. கிச்சன்ல மேல் ஷெல்ஃப்ல அரிசி டப்பா பக்கத்துல ஒரு சின்னப் படம் வச்சிருந்தேன். அவகிட்ட நின்னு அழுதேன். "ஆத்தா, என் குழந்தையைக் காப்பாத்து. ஊருக்கு வந்து மாவிளக்கு எடுக்கறேன்"னு வேண்டிக்கிட்டேன்.

அம்மாதான் சொன்னாங்க, "இப்படிக் கலங்கிட்டே இருந்தா எப்படி? பூவாக்கு கேட்டுப் போடலாம்."

எங்க பக்கம் ஒரு காரியம் மனசுல குழம்புனா பூ கேப்பாங்க. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், சாமி முன்னாடி வச்சுக் குலுக்கிப் போட்டு, ஒரு குழந்தையை விட்டு ஒண்ணை எடுக்கச் சொல்றது. டெக்சாஸ்ல அரளிக்கு எங்க போக? கீழ்வீட்டு சுதா வாங்கிட்டு வந்த கார்னேஷன் பூங்கொத்துல ரெண்டு கலரும் இருந்துச்சு. அலுமினியம் ஃபாயில்ல சுத்தினோம். வெள்ளை வந்தா பாப்பா நல்லா இருக்கு, சிவப்பு வந்தா ஏதோ ஆபத்துன்னு வேண்டிக்கிட்டோம். சுதாவோட நாலு வயசுப் பொண்ணு நேஹாதான் எடுத்துக் குடுத்தா.

வெள்ளைப் பூ.

அம்மா கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. "பாத்தியா, ஆத்தாளே சொல்லிட்டா!" அன்னைக்கு சர்க்கரைப் பொங்கல் வச்சாங்க. நேஹா, "கேன் ஐ கீப் த ஃப்ளவர், ஆன்ட்டி?"ன்னு கேட்டு வாங்கிட்டுப் போனா. நான் ஒரு வாய் பொங்கல் சாப்பிட்டேன். பயம் ஒரு துளி குறையலை.

எனக்கு என் மேலயே ஆத்திரம். ஆத்தா வாக்கு குடுத்தப்புறமும் பயப்படறேன்னா எனக்கு பக்தியே இல்லையா? அடுத்த நாள், புதன்கிழமை காலையில, அம்மா துணி மடிச்சுக்கிட்டு இருந்தாங்க. நான் போய் ஷெல்ஃப் முன்னாடி நின்னு சண்டை போட்டேன். நெசமா சண்டைதான். "வாக்கு குடுத்துட்டேல்ல? அப்புறம் எதுக்கு இந்தப் பயம்? என்னால முடியலை. இதை எடுத்துடு ஆத்தா. வேற ஒண்ணும் வேண்டாம், இந்தப் பயத்தை மட்டும் எடுத்துடு."

நிக்க நிக்க ஜாஸ்தி ஆச்சு. கும்பிட்ட கையில வளையல் எல்லாம் கலகலன்னு சத்தம் போட்டுச்சு. வேர்த்து ஊத்துது. திரும்பத் திரும்ப கும்பிடறேன், கும்பிடக் கும்பிட அதிகமாகுது. சத்தியமாச் சொல்றேன், யாரோ முதுகுல கை வச்சுத் தள்ற மாதிரி இருந்துச்சு. பக்கத்துல சுவத்துல போன் மாட்டியிருந்துச்சு. எடுத்தேன்.

அதுவரைக்கும் டாக்டர் ஆபீஸுக்கு நான் ஒரு தடவை கூட போன் பண்ணதில்லை. எல்லாம் வீட்டுக்காரர்தான் பண்ணுவாரு. நர்ஸ் எடுத்தாங்க. "மை ஹேண்ட்ஸ் ஆர் இட்சிங்"னு சொன்னேன். சொல்லும்போதே அவமானமா இருந்துச்சு, இதுக்கெல்லாமா போன் பண்ணுவேன்னு நினைப்பாங்களேன்னு. தடிப்பு இருக்கான்னு கேட்டாங்க. இல்லைன்னேன். எங்கெங்கேன்னு கேட்டாங்க. உள்ளங்கை, உள்ளங்கால்னேன். ஒண்ணுக்கு என்ன கலர்னு கேட்டாங்க. சொன்னேன். அந்தம்மா குரலே மாறிடுச்சு. உடனே ஆஸ்பத்திரிக்கு வாங்க, டாக்டர்கிட்ட நான் சொல்லிடறேன், சாயங்காலம் வரைக்கும் காத்திருக்காதீங்கன்னாங்க.

வீட்டுக்காரருக்கு பேஜர்ல சேதி விட்டுட்டு, சுதா கதவைத் தட்டினேன். அவ நேஹாவை கார் சீட்ல போட்டுக் கட்டி, செருப்பு கூட மாத்தாம எங்களைக் கூட்டிட்டுப் போனா. ஃப்ரீவே பூரா நான் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு, "உதை சாமி, ஒரு தடவை உதை சாமி"ன்னு சொல்லிக்கிட்டே போனேன்.

மெஷின் மாட்டினாங்க. குழந்தை இதயம் ஓடற சத்தம் கேட்டுச்சு, குதிரை ஓடற மாதிரி. ரத்தம் எடுத்தாங்க. டாக்டரம்மா வந்து வழக்கம் போல, "ஹவ் ஆர் யூ?"ன்னாங்க. "ஐ ஆம் நாட் ஃபைன்"னு சொல்லிட்டு ஓன்னு அழுதேன். அவங்க கட்டில்ல உக்காந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க.

ரிசல்ட் மத்தியானமே வந்துச்சு. ஈரல் டெஸ்ட் எல்லாம் எங்கயோ ஏறிக் கிடந்துச்சு. கொலஸ்டேசிஸ்னு ஒரு பேர் சொன்னாங்க. ஈரல்ல இருந்து பித்தம் சரியா இறங்காம ரத்தத்துல கலந்துடுமாம். தாய்க்கு வெறும் அரிப்புதான். குழந்தைக்கு எந்த அறிகுறியும் இல்லாம கடைசி வாரங்கள்ல திடீர்னு இதயம் நின்னு போகலாமாம். நேத்து உதைச்ச குழந்தை இன்னைக்கு இல்லாமப் போகலாமாம். நாளைக்கு முப்பத்தேழு வாரம் முடியுது, நாளைக்கே பிரசவம் வச்சுக்கலாம்னாங்க.

அப்புறம் டாக்டரம்மா, சில குடும்பத்துல இது அம்மாவுக்கும் வந்திருக்கும், உங்கம்மாவுக்கு இருந்துச்சான்னு கேட்டாங்க. நான் அம்மா பக்கம் திரும்பி தமிழ்ல சொன்னேன். அம்மா சேலைத் தலைப்பைக் கையில சுருட்டிக்கிட்டே இருந்தாங்க.

"உனக்கு அரிச்சுது. உனக்கு முன்னாடி இருந்த மூத்ததுக்கு அதை விட அரிச்சுது."

"மூத்ததா? எனக்கு முன்னாடி யாரும்மா?"

"ஒம்பதாம் மாசம் வயித்துலயே போயிடுச்சு கண்ணு. நல்லாத்தான் இருந்துச்சு. முந்தின நாள் கூட உதைச்சுது. எல்லாரும் கண்ணு பட்டுடுச்சுன்னாங்க. அரிப்பால இருக்கும்னு எவ சொன்னா? எனக்கு எப்படித் தெரியும்?"

இருபத்தெட்டு வயசுல, ஆஸ்பத்திரி கட்டில்ல, எனக்கு ஒரு அண்ணனோ அக்காவோ இருந்திருக்கணும்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. டாக்டரம்மாவுக்கு இங்கிலீஷ்ல சொல்லணும். எனக்கு வாய் வரலை. அவங்க எங்க ரெண்டு பேர் முகத்தையும் பார்த்துட்டு தலையாட்டினாங்க.

மறுநாள் காலையில வலி வர்றதுக்கு மருந்து ஏத்தினாங்க. வளையலைக் கழட்டணும்னாங்க. பிள்ளை பொறக்கற வரைக்கும் கழட்டக் கூடாதுங்கிற வளையலை அம்மாவே ஒண்ணு ஒண்ணா உருவி எடுத்தாங்க. வீட்டுக்காரர் என் தலைமாட்டுல நின்னுக்கிட்டு இருந்தாரு. சாயங்காலம் நாலு மணி வாக்குல பிறந்தா. பனிக்குடத் தண்ணி பச்சையா இருந்துச்சு, குழந்தை உள்ளயே மலம் போயிடுச்சாம். குழந்தை அழலை. நாலஞ்சு பேர் மூலையில ஒரு மேஜையைச் சுத்தி நின்னுக்கிட்டாங்க. எனக்கு அவங்க முதுகு மட்டும்தான் தெரிஞ்சுது. "என்னங்க, ஏங்க அழலை, ஏங்க அழலை"ன்னு கத்தறேன். எவ்வளவு நேரம்னு தெரியலை, ஒரு நிமிஷமா கூட இருக்கலாம். அப்ப நான் ஆத்தாகிட்ட ஒண்ணும் கேக்கலை. கேக்கறதுக்கு வார்த்தை இல்லை. "ஆத்தா, ஆத்தா"ன்னு மட்டும் சொன்னேன்.

அப்புறம் அழுதா. பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம், அதுக்கப்புறம் ஆஸ்பத்திரியே அதிர்ற மாதிரி ஒரு கத்து!

ரெண்டு நாள் கழிச்சு டாக்டரம்மாகிட்ட கேட்டேன், "நான் அந்த புதன்கிழமை போன் பண்ணாம இருந்திருந்தா?" அடுத்த செக்கப் வரைக்கும் தாங்கியிருக்கலாம், தாங்காமலும் போயிருக்கலாம், எனக்குச் சொல்லத் தெரியலைன்னாங்க. நீ கூப்பிட்டதுதான் நல்லதாப் போச்சுன்னாங்க.

நம்ம குரூப்ல யாராவது கேப்பீங்க, அப்ப பூ பொய் சொல்லுச்சான்னு. எனக்குத் தெரியாதுங்க. பாப்பா நல்லாத்தானே பொறந்தா. ஆனா வெள்ளைப் பூவைப் பார்த்துட்டு நான் நிம்மதியா பொங்கல் சாப்பிட்டுப் படுத்திருந்தா என்ன ஆயிருக்கும்? ஒண்ணு மட்டும் எனக்கு நல்லாத் தெரியும். நான் பயத்தை எடுன்னு கெஞ்சினேன், ஆத்தா எடுக்கலை. கேட்டதைக் குடுக்கலையேன்னு சண்டை போட்டேன். அவ குடுத்திருந்தா என் பொண்ணு இன்னைக்கு இல்லை. வேண்டுதல் பலிச்சுதுன்னு எல்லாரும் சொல்வாங்க. எனக்கு, மறுத்ததுதான் பலிச்சுது.

போன வருஷம் ஊருக்குப் போய் மாவிளக்கு எடுத்தோம். பாப்பாவுக்கு மொட்டை போட்டோம். அங்க கோயில்ல, பாப்பாவை மடியில வச்சுக்கிட்டு, அம்மா அந்த மூத்த குழந்தைக்காக அழுதாங்க. இத்தனை வருஷத்துல அதுக்காக அழுததே இல்லையாம். யாரும் அழ விடலையாம். நான் பக்கத்துல உக்காந்துக்கிட்டேன்.

இப்ப நான் முன்னை மாதிரி இல்லை. சும்மா ஃபைன்னு சொல்றதை விட்டுட்டேன். தினமும் விளக்கு வைக்கிறேன், ஆனா அதைக் குடு இதை எடுன்னு லிஸ்ட் போடறதில்லை. உனக்கு எது சரின்னு படுதோ அதைச் செய்ன்னு மட்டும் சொல்றேன்.

இந்த குரூப்ல இப்ப மூணு பேர் முழுகாம இருக்கீங்க. உங்களுக்காகத்தான் இதை எழுதினேன். பயமா இருந்தா ஆத்தாகிட்ட சொல்லுங்க. உங்க சாமி யாரோ அவங்ககிட்ட சொல்லுங்க, கட்டாயம் கேப்பாங்க. சொல்லிட்டு கையோட டாக்டருக்கும் போன் பண்ணுங்க. சின்ன விஷயம்னு வெக்கப்படாதீங்க. கூட்டிட்டுப் போக ஆள் இல்லைன்னா என்னைக் கூப்பிடுங்க, எந்த நேரமா இருந்தாலும் வர்றேன். வழியெல்லாம் சேர்ந்தே கும்பிட்டுக்கிட்டுப் போவோம்.