முத்திரையில்லாத கோப்பி

"நாலாவது பொட்டலம். ஐப்பசி, இரண்டாம் செவ்வாய். தபால் முத்திரை இல்லை. கடிதம் இல்லை. வறுத்த முழுக்கொட்டை. கொண்டுவந்தவர் பெயர் தெரியாது."

மூன்று வருடத்துக்கு முன் என் குறிப்புப் புத்தகத்தில் எழுதியது. இதை இப்போது தேடி எடுக்கக் காரணம், போன கிழமை மன்னார் பஸ் நிலையத்துக்குக் கிட்டத் திறந்த ஒரு கடை. பறவை பார்க்க வரும் வெளியூர்க்காரருக்கானது. வாசல் பலகையில் எத்தியோப்பியா, பிரேசில், கொலம்பியா என்று கோப்பி வகைகள். பலகையை மறைத்து நின்ற கழுதையைச் சுற்றிப் போய் வாசித்தேன். இந்த மூன்றும் இதே ஒழுங்கில் எங்கள் வீட்டு அலுமாரிக்கு வந்தவை.

என் தம்பி கனடாவுக்கென்று புறப்பட்டவன். போகும் வழியில் ரெலிபோன் கோல் எடுக்கக் கூடாது, நாட்டின் பெயர் சொல்லக் கூடாது என்று களவாக ஆள் அனுப்பும் ஏஜென்ற் கட்டளை. நான் சும்மா இருக்காமல் அட்லஸை விரித்து அவன் போகக்கூடிய வழியை விளங்கப்படுத்தினேன். வாசிப்புப் பழக்கத்தின் கோளாறு. தம்பி சிரித்தான்.

"அண்ணை, நீங்கள் காட்டுறதெல்லாம் கோப்பி நாடுதானே. போற இடத்தில ஒரு பக்கற் வாங்கித் தபாலில போட்டுவிடுறன். நீங்கள் தபாற்கந்தோர் ஆள், முத்திரையைப் பாத்து அம்மாவுக்குச் சொல்லுங்கோ."

முதல் பொட்டலம் வறுக்காத பச்சைக் கொட்டை. நான் வேலையால் வருவதற்குள் அம்மா அதை ஏதோ பயறுவகை என்று ஊறவைத்து அடுப்பில் ஏற்றிவிட்டார். "எவ்வளவு விறகு வைச்சும் அவியமாட்டன் எண்டுது" என்று என்னிடம் முறைப்பாடு. உறையிலிருந்தது எத்தியோப்பிய முத்திரை. இரண்டாவது பிரேசில் தூள். அதைச் சுடுதண்ணீரில் கலக்கிக் குடித்து, நாள் முழுக்கப் பல்லிடுக்கில் மண்டியோடு திரிந்தோம். எங்கள் வீட்டுக் கோப்பி மல்லியும் வேர்க்கொம்பும் சேர்த்து இடித்தது. வடிக்க வேண்டிய கோப்பி எங்களுக்குப் புதிது. மூன்றாவது கொலம்பியா, புளித்த பழத்தின் மணம். அம்மா அதைக் குடிக்கவில்லை, மணந்து பார்த்துவிட்டு மூடி வைத்தார்.

கொலம்பியாவுக்கு அப்பால் காடு. பாதையில்லாத காடு, அதற்குள் போய் வராதவர்களைப் பற்றி நான் வாசித்திருந்தேன். அம்மாவுக்கு "இனி கொஞ்சத் தூரம் நடை" என்று மட்டும் சொன்னேன்.

ஏழு மாதம் கழித்து விடத்தல்தீவிலிருந்து மாமாவின் மகள், எங்கள் மச்சாள், அந்த நாலாவதைக் கொண்டுவந்தாள். தலைக்கவசம் கழற்றாத ஒருவன் மோட்டார் சைக்கிளில் வந்து, "உங்கட ஆள் தந்துவிட்டது" என்று கொடுத்துவிட்டுப் போனானாம். காட்டுக்கு அந்தப்பக்கத்துக் கோப்பி என்றால் தம்பி கடந்துவிட்டான். கொலம்பியாக் கோப்பி என்றால் கடக்கவில்லை. அம்மா யோசிக்கவே இல்லை. "பிள்ளை தாண்டீற்றான்" என்று மெழுகுதிரி கொளுத்தப் போய்விட்டார்.

எனக்கு ஆதாரம் வேண்டும். முத்திரை பார்த்தே வயது போன எனக்கு, கொட்டை பார்த்து நாடு சொல்லத் தெரியவில்லை. சவூதியில் வீட்டுவேலை செய்துவிட்டு வந்த பக்கத்து வீட்டு றாத்தாவிடம் கொஞ்சம் கொடுத்தேன். இடித்துக் காய்ச்சிக் குடித்து, ஏலக்காய் இல்லாததை எப்படிக் கோப்பி என்பது என்று கேட்டார். பரிசோதிக்கப் பரிசோதிக்கப் பொட்டலம் சிறுத்தது. கடைசியில் அடம்பனுக்குப் போனேன். அங்கே சுப்பையா அண்ணன் இருக்கிறார். மலையகத்திலிருந்து வந்து குடியேறி வயல் வேலை செய்பவர். சின்ன வயதில் தேயிலைத் தோட்டத்தில் அவர்கள் இருந்த லயத்து வீட்டுக்குப் பின்னால் கோப்பி மரம் நின்றதாம்.

தம்பியின் கதையை முழுவதும் சொன்னேன். அவர் ஒரு கொட்டையைக் கடித்தார். இன்னொன்றை உடைத்து மணந்தார். பிறகு பஸ் வருகிறதா என்று பார்ப்பவர் போல ரோட்டைப் பார்த்தார்.

"சேர், கோவிச்சுக்காதீங்க. இது தூரத்துக் கோப்பி மாதிரி தெரியல. எங்க வீட்டுக்குப் பின்னால காய்ச்சதுதான் ஞாபகம் வருது."

"நிச்சயமோ?"

"கடிச்சுப் பாத்து எப்படிங்க சத்தியம் பண்றது?"

அவர் சொன்னது சரியென்றால், தம்பி பிடிபட்டு இந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பப்பட்டு எங்கேயோ இருக்கிறான். அல்லது இது, அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் யாரோ கொழும்பில் ஒரு கடையில் வாங்கிக் கொடுத்தது. மச்சாளிடம் கேட்டேன். "நான் ஏன் மச்சான் பொய் சொல்லப்போறன்?" என்றாள், முற்றத்துக் கோழிகளைப் பார்த்துக்கொண்டு. விசாரிக்கக் கூடிய இடமெல்லாம் விசாரித்தேன். ஏஜென்றின் நம்பர் வேலை செய்யவில்லை.

அம்மாவுக்கு ஒன்றும் சொல்லவில்லை. வீட்டில் இப்போது கோப்பி வறுக்கிற மணமே இல்லை. அவன் வந்துதான் இனிக் கோப்பி, அதுவரை தேத்தண்ணி என்று அம்மா நேர்த்தி வைத்துவிட்டார். பின்னேரத் தேத்தண்ணியோடு அநேகமாக ஒவ்வொரு நாளும் ஒரு கேள்வி.

"அவன் நிக்கிற இடத்தில இப்ப எத்தனை மணி?"

நாலரை என்று எங்கள் மணிக்கூடு காட்டும். நான் மனதுக்குள், காட்டைத் தாண்டியவன் போய்ச் சேரக்கூடிய மெக்சிக்கோவுக்குக் கணக்குப் பார்த்து, "காலமை அஞ்சு, அம்மா" என்பேன்.

"அப்ப இன்னும் எழும்பியிருக்க மாட்டான்" என்று குரலைத் தணித்துக்கொள்வார்.

நான் சொல்லும் அந்த நேரம் சரியா என்பது இன்றுவரை உறுதிப்படுத்தப்படவில்லை.