தண்ணீர் கேட்கும் ஞானாபரணம்

தாராவியில் எங்கள் சந்துக்குப் புதிதாக யார் குடிவந்தாலும், தையல்காரர் ஞானாபரணம் மறுநாளே அவர்கள் வாசலில் நின்று குடிக்கத் தண்ணீர் கேட்பார். வீட்டில் குடம் நிறையத் தண்ணீர் இருக்க, இவர் ஏன் இப்படி அலைகிறார் என்று எனக்கு ஒரே குடைச்சல். சர்ச்சில் ஜெபம் பண்ணுகிற மனிதர் வாசல் வாசலாக நிற்கிறாரே என்று எரிச்சலும்தான்.

1964 மழைக்காலத்தில் என் அடுத்த வீட்டுக்கு இசக்கி குடிவந்தாள். அவள் புருஷனுக்குத் தோல் பதனிடும் வேலை. அப்படிப்பட்டவர்கள் வீட்டில் எங்கள் சந்தில் யாரும் கை நனைக்க மாட்டார்கள். ஞானாபரணம் போனபோது, என்னதான் நடக்கிறது பார்ப்போம் என்று நானும் பின்னாலேயே போனேன்.

“எங்க வீட்டுத் தண்ணி குடிப்பியளா?” என்றாள் இசக்கி.

“குடிக்கத்தானம்மா கேக்கேன்.”

ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொரு செம்பு கேட்டார். அவள் முகம் மாறியது. “உள்ள வந்து உக்காருங்க அண்ணாச்சி” என்று பலகையை எடுத்துப் போட்டாள்.

திரும்பும்போது கேட்டேன்: “ஒங்க வீட்ல தண்ணி இல்லையா அண்ணாச்சி?”

“நாம கொண்டுபோய்க் குடுத்தா, வாங்கிக்கிட்டு ஒதுங்கி நிப்பாவ. பைபிள்ல நம்ம ஆண்டவரும் கிணத்தடியில ஊரு ஒதுக்குன பொம்பளகிட்டத் தண்ணி கேட்டுத்தான பேச்ச ஆரம்பிச்சாரு?”

எட்டு மாதம் கழித்து எதிர்வீட்டுக்கு மெஹராஜ் குடும்பம் வந்தது. மறுநாள் காலையில் அந்த வாசலில் இசக்கி தண்ணீர் கேட்டு நின்றாள்.

அந்த எட்டு மாதமும் நான் அவளுக்கு அடுத்த வீடு. அங்கே எனக்கு ஒருநாள்கூடத் தாகம் எடுத்ததில்லை.