கீழ் வரிசையில் நான்கு பெயர்கள்

திங்கட்கிழமை காலை நான் ஆபீஸுக்குள் நுழைந்தபோது பிலோமியின் நாற்காலி காலியாக இருந்தது. வெளியே எதிரில் நிற்கும் ஆள் தெரியாத அளவுக்குப் பனி. வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு வருகிறாள் போலிருக்கிறது என்று நினைத்து, சனிக்கிழமை வந்த காபிப் பழத்தின் எடைகளைக் கம்ப்யூட்டரில் ஏற்ற உட்கார்ந்தேன். எஸ்டேட் ஜீப் ஓட்டும் மாது வாசலில் வந்து நின்றான். “சரோஜாக்கா, பிலோமி அக்காவ ரோட்டுல காட்டெருமை முட்டிருச்சுங்க” என்றான். எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்று கேட்டேன். “ஆஸ்பத்திரிக்கு எதுக்குங்கக்கா” என்று சொல்லிவிட்டுக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான்.

நான் அவனைத் திட்டினேன். காலங்காத்தாலே என்ன பேச்சு பேசுகிறாய் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். முந்தின நாள் சாயங்காலம்தான் அவள் என்னோடு போனில் பேசினாள், பேசியவள் எப்படிச் செத்துப்போவாள் என்று அவனோடு சண்டை பிடித்தேன். பிறகு உட்கார்ந்து மீதி எடைகளையும் ஏற்றி முடித்தேனாம். எதிலும் தப்பில்லை என்று மானேஜர் பிறகு சொன்னார். ஏற்றியது எனக்கு ஞாபகமே இல்லை.

பிலோமினா எங்கள் எஸ்டேட் ஆபீஸின் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் என்பது சம்பளத்துக்குச் சொன்ன வேலை. நாகலூரில் யார் கடையில் பிரிண்டர் காகிதம் இழுக்காவிட்டாலும், யார் வீட்டில் போன் செத்துப்போனாலும் கூப்பிட்டது அவளைத்தான் என்பது இதைப் படிக்கும் உங்களுக்கே தெரியும். வருவாள், முணுமுணுத்துக்கொண்டுதான் வருவாள். என்ன செய்தீர்கள் என்று கேட்பாள். ஒன்றுமே செய்யவில்லை என்று நாம் சொன்னதும், “ஒண்ணுமே செய்யாம இப்படி ஆவறதுக்கு நொம்பப் பாடுபட்டிருக்கோணுமுங்களே” என்பாள். இரங்கல் எழுதும்போது ‘அவர்’ என்று எழுதுவதுதான் முறை. எழுதிப் பார்த்தேன், யாரோ பெரிய மனுஷியைப் பற்றி எழுதுவது போல இருந்தது. என்னைவிடச் சின்னவள். பக்கத்து நாற்காலிக்காரி. அவள்தான்.

எனக்கு அவள் செய்த காரியத்தைச் சொல்கிறேன். என் அண்ணன் ராமசாமி எஸ்டேட்டில் மேஸ்திரியாக இருந்தவர். அவர் மேல்காட்டில் நின்று ஒரு ஆளைக் கூப்பிட்டால் பள்ளத்தில் பழம் பறிப்பவர்கள் எல்லோரும் நிமிர்வார்கள். போன வருடம் வாதம் வந்து வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. நாம் சொல்வது எல்லாம் புரிகிறது, திருப்பிச் சொல்லத்தான் வரவில்லை. தொடுதிரை உள்ள கம்ப்யூட்டரில் படப் பொத்தான்கள் போட்டு வைத்தால், தொட்டதும் அது இவருக்காகப் பேசும் என்று சேலத்தில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மா யோசனை சொன்னார். அண்ணன் மகன் முருகேசன் திருப்பூரிலிருந்து தன்னுடைய பழைய நெட்புக்கை, அதாவது சின்ன லேப்டாப்பை, அனுப்பினான். திரையைப் பின்பக்கம் மடக்கினால் பலகை மாதிரி மடியில் வைத்துக்கொள்ளலாம். அதில் இருந்த விண்டோஸ் ஒரு பொத்தானைத் தொட்டால் டீ ஆறிய பிறகுதான் வாய் திறந்தது. அவ்வளவு பொறுமை அண்ணனுக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் பிலோமி செம்மநத்தத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அண்ணன் கட்டிலிலேயே ஒரு ஓரமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, “இந்த விண்டோஸ ஒழிச்சுட்டு லினக்ஸ் போட்டுட்டா சிட்டாப் பறக்குமுங்கண்ணா” என்றாள். பென் டிரைவைச் சொருகினாள். பழையதை வைத்துக்கொள்ளவா, முழுக்க அழிக்கவா என்று அது கேட்டது. அழி என்று கொடுத்துவிட்டாள். லினக்ஸ் நன்றாகத்தான் ஏறியது, ஆனால் படம் பக்கவாட்டில் படுத்துக்கொண்டு வந்தது. பிலோமி கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் படித்தாள். பார்த்துக்கொண்டிருந்த அண்ணனும் கழுத்தைச் சாய்த்தார். இரண்டு பேரையும் பார்த்து நான் சிரிக்க, அண்ணனும் ஒரு பக்க வாயால் சிரித்தார். படுத்த பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

படத்தை நிமிர்த்திவிட்டாள். வைஃபை வேலை செய்யவில்லை. ஒவ்வொரு உறுப்பையும் இயக்க டிரைவர் என்று ஒரு சின்ன நிரல் வேண்டுமாம். வைஃபைக்கான டிரைவரை இணையத்திலிருந்து இறக்க வேண்டும், இணையத்துக்குப் போக வைஃபை வேண்டும். அவள் தன் போனை ஒயரால் மாட்டிப் பார்த்தாள். எங்கள் ஊரில் நெட் சிக்னல் எடுப்பது தண்ணீர்த் தொட்டி மேட்டில்தான். அங்கே போய்த் தூறலில் உட்கார்ந்தோம். எங்களிடம் இருந்த ஒரே குடையை நெட்புக்குக்குப் பிடித்தோம். அடுத்து சத்தம் வரவில்லை. யாரும் ஹெட்போன் சொருகாமலேயே சொருகியிருப்பதாக அது நம்பிக்கொண்டிருந்திருக்கிறது. அதைக் கண்டுபிடித்து முடித்த அன்று, “இல்லாத காதுக்கு இத்தன நாளாப் பாடிட்டு இருந்திருக்குதுங்கக்கா” என்று ஆபீஸில் எல்லோருக்கும் சொல்லிச் சிரித்தாள்.

தொடுதிரை மட்டும் மசியவே இல்லை. எத்தனை முறை தொட்டாலும் வெறும் கண்ணாடியாகவே கிடந்தது. ஒரு மத்தியானம் பிலோமி சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் என் மேஜைக்கு வந்து நின்றாள். “அக்கா, தப்பு என்னுதுங்க” என்றாள். அந்தத் திரைக்குள் ஒரு சிப் இருக்கிறதாம். ஒவ்வொரு முறை போடும்போதும் அதற்கு ஒரு ஃபைலை ஊட்ட வேண்டுமாம். ஊட்டினால்தான் விரல் எங்கே படுகிறது என்று அதற்குத் தெரியும். திரை செய்தவர்கள் அந்த ஃபைலைப் பழைய விண்டோஸுக்குள் வைத்திருந்தார்கள். அதைத்தான் அவள் அழித்திருந்தாள். “எடுத்து வெச்சுட்டு அழிச்சிருக்கோணும். அவசரக்குடுக்கை நானு” என்றாள். தெரியாமல் செய்ததுதானே என்று சொன்னேன். “தெரிஞ்சுக்காம செஞ்சதுங்க” என்று திருத்தினாள்.

கிட்டத்தட்ட இதே மாதிரியான வேறொரு நெட்புக்கின் ஃபைலை இணையத்தில் பிடித்துப் போட்டாள். திரைக்கு உயிர் வந்தது. அண்ணன் ‘தண்ணி’யைத் தொட்டார். அது ‘போதும்’ என்றது. மறுபடி தொட்டார், மறுபடி ‘போதும்’. இடது வலது மாறிக் கிடந்திருக்கிறது. அண்ணன் இடது கையால் நெட்புக்கைத் தள்ளிவிட்ட வேகத்தில் அது கட்டிலிலிருந்து பிலோமி மடியில் போய் விழுந்தது. “அந்தக் கோவம் இருக்குதுங்களே, அது போதுமுங்கண்ணா” என்று சொல்லிக்கொண்டே அதைத் திருத்தினாள். ஆனால் அந்த ஃபைல் கொஞ்சம் சின்னத் திரைக்கானது. திரையின் கீழ்ப் பாதியில் விரல் வைத்தால் உணரவே இல்லை.

மேல் வரிசையில் தண்ணி, பாத்ரூம், வலிக்குது, போதும் என்று நான்கு பொத்தான்கள் இருந்தன. கீழ் வரிசையில் நான்கு பெயர்கள். பொத்தானைச் சின்னதாக்கினால் அண்ணனின் நடுங்கும் விரல் பக்கத்துப் பொத்தானில் போய் விழுந்தது. அடுத்த பக்கம் என்று வைத்தால் அவர் குழம்பினார். மேல் வரிசை வேலை செய்கிறதே, இது போதும் பிலோமி, விட்டுவிடு என்றேன். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. “தண்ணி கேக்கறதுக்கு ஒரு மணியக் கட்டி உட்டாப் போதாதுங்களா? ஆளைக் கூப்புடறதுக்குத்தானுங்கக்கா இது” என்றாள்.

அந்தப் பெயர்களை அண்ணனே தேர்ந்தெடுத்தார். பிலோமி ஒவ்வொரு பெயராகச் சொல்ல அவர் தலையாட்டினார். முதலில் மகன் முருகேசன். அடுத்து எங்கள் நாய் டைகர். அதற்குப் பிறகுதான் நான். நாலாவதாக யார் பெயரைச் சொன்னாலும் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, விரலை நீட்டி அவளையே காட்டினார். “நான் கூப்புடாமயே வர்றவளுங்களே” என்றாள். அவர் விரலை எடுக்கவில்லை.

கம்ப்யூட்டரே பேசும் தமிழ் அண்ணனுக்குப் பிடிக்காததால் வார்த்தைகளை எல்லாம் பிலோமியின் கணவர் சவரியின் குரலில் பதிவு செய்தாள். ஆண் பிள்ளைக்கு ஆண் குரல்தான் சரி என்பது அவள் முடிவு. சவரி சில்வர் ஓக் மரங்களில் படரும் மிளகை ஏணி போட்டுப் பறிப்பவர். பேச்சு குறைவு. என் பெயரை முதலில் ‘சரோஜாக்கா’ என்று பதிந்திருக்கிறார். அண்ணன் எப்படி அக்கா என்று கூப்பிடுவார் என்று அதட்டி, ‘சரோ’ என்று மாற்ற வைத்திருக்கிறாள். அவள் பெயர்தான் அவர் வாயில் வரவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘இந்தா புள்ள’ என்பதுதான் கூப்பாடு. போனை வாயருகே பிடித்தால் ‘இந்தா’ என்று ஆரம்பித்து நின்றுவிடுகிறாராம். கடைசியில் அவளை வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டு பதிந்தாராம். “வாசல்ல நின்னுட்டிருந்தனுங்கக்கா. ‘பிலோமி’ன்னு சத்தம் கேட்டுது. என்னையத்தான் கூப்புடறாராக்கும்னு உள்ள போயிட்டேன்” என்று சொல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

அதே மாடல் நெட்புக், விண்டோஸ் அழிக்காமல் எங்காவது இருக்கிறதா என்று அவள் கேட்காத ஆள் இல்லை. பஸ் கண்டக்டரிடம்கூட முருகேசனின் நெட்புக்கைப் போட்டோ எடுத்துக் காட்டியிருந்தாள். தலைச்சோலையில் ஒரு வீட்டில், யாரும் தொடாமல் பீரோவுக்குள் ஒன்று இருப்பதாகத் தகவல் வந்தது. சனிக்கிழமை ஆபீஸ் விட்டதும் போய் அந்த ஃபைலை எடுத்து வந்தாள். அண்ணனின் நெட்புக்கைத் தன் வீட்டில் வைத்து அதில் ஏற்றிவிட்டு, ஞாயிறு சாயங்காலம் போன் செய்தாள். “நாலு மூலையும் எடுக்குதுங்கக்கா. நாளைக்கு ஆபீஸ் உட்டு உங்க கூடவே ஊட்டுக்கு வரேன்” என்றாள். அப்படியென்றால் முடிந்துவிட்டதா என்று கேட்டேன். “என் வெரலுக்கு எடுத்து என்னத்துக்குங்க ஆவுது? அண்ணன் தொட்டாத்தான் முடிஞ்சுதுன்னு சொல்லுவேன்” என்றாள். மறுநாள் காலை, தினமும் வரும் அதே ரோட்டில், மேட்டுக் காபித் தோட்டத்துக்குள்ளிருந்து அந்தக் காட்டெருமை இறங்கியிருக்கிறது.

மாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லையாம். ரோட்டைத் தாண்டிப் போய்விட்டதாம். இதை எதற்காக எல்லோரும் என்னிடம் சொன்னார்கள் என்று தெரியவில்லை. அடக்கத்தில் உங்களில் பலரைப் பார்த்தேன். யாரிடம் என்ன பேசினேன் என்று கேட்காதீர்கள். சவரி வாயே திறக்காமல் நின்றதும், அவர் கையில் அவளுடைய ஹெல்மெட் இருந்ததும்தான் கண்ணில் நிற்கிறது. எனக்கு அழுகை வரவில்லை. அந்தத் திங்கட்கிழமை காலையிலிருந்து இன்னும் நான் நகரவில்லை என்றுதான் தோன்றுகிறது. அண்ணனிடம் சொல்லவும் இல்லை. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை சவரி பஸ்ஸில் எங்கள் வீட்டுக்கு வந்தார். பையிலிருந்து நெட்புக்கை எடுத்து, திரையை மடக்கி அண்ணன் மடியில் வைத்தார். “முடிஞ்சுதுங்கண்ணா. தொட்டுப் பாருங்க” என்றார். அண்ணன் மேல் வரிசையைத் தொடவே இல்லை. நேராகக் கீழே போனார். டைகர் என்று கூப்பிட்டதும் பின்கட்டிலிருந்து அது குரைத்துக்கொண்டு ஓடி வந்து கட்டிலைச் சுற்றியது. அண்ணன் சிரித்தார். ‘சரோ’ என்று கூப்பிட்டார். பக்கத்திலேயே நின்றுகொண்டு, “இருக்கேன் அண்ணா” என்றேன். பிறகு வாசலைப் பார்த்தார். பொத்தானைத் தொட்டார்.

“பிலோமி” என்றது சவரியின் குரல்.

அண்ணன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி தொட்டார். மறுபடி சவரியின் குரல் கூப்பிட்டது. நெட்புக்கைப் பிடுங்கிவிடலாமா என்று நினைத்தேன். சவரிதான் கட்டில் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். “அவ வரமாட்டாளுங்கண்ணா” என்றார். காட்டெருமையை, பனியை, கல்லறையை, ஒவ்வொன்றாகச் சின்னச் சின்ன வாக்கியமாகச் சொன்னார். அடக்கத்தன்று பேசாததை எல்லாம் அண்ணனிடம் பேசினார். அண்ணன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டார். அப்புறம் அண்ணனின் விரல் மேல் வரிசைக்குப் போயிற்று.

“வலிக்குது” என்றது சவரியின் குரல். சவரி கட்டில் சட்டத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். நானும் அப்போதுதான் அழுதேன்.

அவளுடைய பெயரைக் கீழ் வரிசையிலிருந்து எடுக்கவில்லை. எடுக்கச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. பிலோமி, உன்னிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது உன் பிடிவாதத்தைத்தான். தண்ணீரும் மருந்தும் கொடுத்தால் போதும் என்று நான் நின்றுவிட்ட இடத்தில் நீ நிற்கவில்லை. நேற்றுக் காலை சமையலறையில் இருந்தேன். ‘சரோ’ என்று கேட்டது. அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். அண்ணனுக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. சும்மாதான் கூப்பிட்டிருக்கிறார்.