எடைமேடை எத்திராஜும் அவருடைய மூன்று ஆட்களும்

எத்திராஜ் யாரையும் நம்பமாட்டார் என்பதைக் குறையாகச் சொல்ல முடியாது. அதற்குத்தான் அவருக்குச் சம்பளம். எண்ணூர் விரைவுச் சாலையோரம் ஒரு கன்டெய்னர் யார்டில் பதினேழு வருடமாக அவர் எடைமேடை ஆபரேட்டர். டிரெய்லர் மேடையில் ஏறி நின்றதும் கண்ணாடி அறைக்குள்ளிருந்து மைக்கில், "டிரைவர் எறங்கு" என்பார். டிரைவர் இறங்கித் தள்ளி நின்ற பிறகும் அவருக்குச் சமாதானம் ஆகாது. கடைசிச் சக்கரம் மேடையை விட்டு அரை அடி வெளியே நிற்கிறதா? கேபினுக்குள் இன்னொரு ஆள் குனிந்திருக்கிறானா? காலி வண்டியாக வந்தபோது நிரம்பியிருந்த தண்ணீர் டேங்க், லோடு ஏற்றி வரும்போது ஏன் வற்றியிருக்கிறது? எல்லாவற்றையும் பார்த்து முடித்து, எடைச் சீட்டை ஜன்னல் துளை வழியாக நீட்டிவிட்டு, "அடுத்த வண்டி" என்பார். ஒரு ஷிஃப்டுக்கு நூறு முறையாவது சொல்வார். வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போதும் சொல்கிறார் என்பது அவர் மனைவி சொக்கம்மாளின் சாட்சியம். எத்திராஜ் அதை மறுக்கிறார்.

மேடையையும் அவர் நம்புவதில்லை. தினமும் காலை ஆறு மணிக்கு முதல் வண்டி வருவதற்கு முன் தானே ஏறி நின்று பார்ப்பார். அறுபது டன் தாங்கும் மேடை பத்துப் பத்து கிலோவாகத்தான் காட்டும். அவருக்கு எழுபது காட்டும். காலடிப்பேட்டையில் மருந்துக் கடை மெஷின் எழுபத்து நாலு காட்டும். அந்த நாலு கிலோ எங்கே போனது என்பது அவருக்கு இன்னும் முடியாத வழக்கு.

இப்படிப்பட்டவரை ஒரு மாயலோக விளையாட்டுக்குள் இழுத்துவிட்டவன் ஃப்ரெடி. ராயபுரத்துக்காரன், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன், பள்ளிக்கூட நாள் தோஸ்து. ஐந்து வருடத்துக்கு முன் எத்திராஜின் போனைப் பிடுங்கி அவனே இறக்கிக் கொடுத்தான். வாள், டிராகன், கோட்டை, குட்டிச்சாத்தான் என்று அதில் எல்லாம் உண்டு. பன்னிரண்டு ஐடி சேர்ந்தால் ஒரு படை. ஞாயிற்றுக்கிழமை மாலை நாலிலிருந்து ஆறுக்குள் எப்போது வேண்டுமானாலும் எதிரியின் கோட்டையை அடிக்கலாம். இவர்கள் படைக்கு 'ராயபுரம் ராஜாளி' என்று பெயர். எதிரிகள் 'வியாசை வேங்கை', எம்.கே.பி. நகர் ஆட்கள்.

எத்திராஜ் அதில் கேடயம் தாங்கும் 'இரும்புசாமி' ஆனார், சீக்கிரமே தலைவரும் ஆனார். காரணம் வீரமல்ல. விளையாட்டின் விதிமுறைகளை முழுதாகப் படித்தவர் அவர் ஒருவர்தான். தலைவரானதும் அவர் போட்ட முதல் சட்டம்: ஒரு ஆளுக்கு ஒரு ஐடி. ரெண்டாவது ஐடி வைத்திருப்பவன் உளவாளியாகத்தான் இருப்பான்; பிடிபட்டால் படையை விட்டு வெளியே. எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். அந்தச் சட்டத்தை மீறிய முதல் ஆள் அவர்தான், அதுவும் ஒரு மாதத்துக்குள்.

அவரைக் கேட்டால் அது மீறல் அல்ல, முன்னெச்சரிக்கை. மருந்து அடுத்தவன் கையில் இருந்தால், நாம் எப்போது சாகவேண்டும் என்பதை அவன் முடிவு செய்வான். ஆகவே ஒரு வைத்தியச்சியை உருவாக்கி 'வெண்ணிலா' என்று பெயர் வைத்தார். கிடங்குச் சாவி அடுத்தவன் கையில் இருந்தால் கேட்கவே வேண்டாம். ஆகவே 'முனிரத்தினம்' என்று ஒரு குள்ளனைக் கிடங்குக்காரனாகப் போட்டார். மூன்றாவது, இந்த வருடம் மே மாதம் எதிரிப் படைக்குள் போய்ச் சேர்ந்த 'கருவாடு'. நம் படையில் அவர்கள் ஒரு உளவாளியை வைத்திருப்பார்கள், நாமும் வைக்காவிட்டால் நாம் இளிச்சவாயர்கள் என்பது அவர் கணக்கு. அப்படி ஒரு உளவாளி அவர் படையில் இருந்ததற்கு எந்தத் தடயமும் கிடைக்கவில்லை. அவன் எவ்வளவு கெட்டிக்காரன் என்பதற்கு அதையே அவர் தடயமாக எடுத்துக்கொண்டார்.

வேலைகளைப் பங்கிட்ட விதத்தில் ஓர் ஒழுங்கு இருந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு பேச்சு கொடுத்தார். முனிரத்தினம் பேசவே மாட்டான். கருவாடு இரண்டு எழுத்துக்கு மேல் தட்ட மாட்டான். வெண்ணிலா மட்டும், தன் வாடை அடிக்கக் கூடாது என்பதற்காக, சுத்தமான எழுத்துத் தமிழில் எழுதுவாள். "வணக்கம் தோழர்களே, யாருக்கேனும் காயம் உண்டா?"

இங்கேதான் அவர் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. வெண்ணிலாவைப் படையில் எல்லாருக்கும் பிடித்துவிட்டது. வண்ணாரப்பேட்டையில் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின் வைத்திருக்கும் ரஹீமுன்னிசா, வில் எடுத்துச் சண்டை போடுகிறவள், சாயங்காலங்களில் வெண்ணிலாவிடம் மனம் விட்டு எழுதுவாள். ஊசி உடைந்தது, மணிக்கட்டு வலிக்கிறது, மாமியார் பேசமாட்டேன் என்கிறார். "இன்று கை வலி எப்படி இருக்கிறது?" என்று வெண்ணிலா கேட்பாள். எத்திராஜ் நாற்பத்தைந்து வருட வாழ்க்கையில் யாரையும் அப்படிக் கேட்டதில்லை. வைத்தியச்சி கேட்கத்தானே வேண்டும், அது அவள் வேலை என்று நினைத்துக்கொண்டார். யார்டில் அவரோடு டீ குடிக்க யாரும் வருவதில்லை; சந்தேகப்படுகிறவனோடு யார் பன்னைப் பிட்டுத் தின்பார்கள்? மனிதர்கள் அவரோடு பேசிக்கொண்டிருந்த இடம் அந்தப் படை ஒன்றுதான்.

"நாலு பேரு இந்த வூட்ல கீறாங்க," என்பாள் சொக்கம்மாள். "காலி சிலிண்டர மாத்த ஒரு ஆளு இல்ல."

இந்த வருடம் ஜூலையில் தொடர்ந்து மூன்று ஞாயிறு ராஜாளிகள் தோற்றார்கள். தோற்றது பெரிதல்ல, தோற்ற விதம்தான் உறுத்தியது. இவர்கள் புறப்பட்ட அதே நிமிடத்தில் எதிரிக் கோட்டையின் கதவு மூடும், மதிலில் ஆள் நிற்கும். யாரோ நேரத்தைச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

ராயபுரம் ஸ்டேஷன் எதிரில் ஒரு டீக்கடையில் ஃப்ரெடியும் ரஹீமுன்னிசாவும் எத்திராஜும் கூடினார்கள்.

"மாமு, எனக்கு அந்த வெண்ணிலா மேலதான் டவுட்டு," என்றான் ஃப்ரெடி. "இதுவரிக்கும் வாய்ஸ்ல ஒரு வார்த்த பேசிக்கீதா? மத்த நாள்ல நியூஸ் வாசிக்கிற மாதிரி தமிளு. சண்ட ஆரம்பிச்சா ஊமையா பூடுது."

சண்டை நேரத்தில் வெண்ணிலா சொக்கம்மாளின் போனில் தானியங்கியாக ஓடிக்கொண்டிருப்பாள்; கருவாட்டுக்கு ஒரு பழைய போன். எத்திராஜின் இரண்டு கையும் இரும்புசாமிக்கே போதாது. இதை அவர் சொல்லவில்லை.

"அது நல்ல பொண்ணு ஃப்ரெடிண்ணா," என்றாள் ரஹீமுன்னிசா, எத்திராஜைப் பார்த்தபடி.

"நல்ல பொண்ணுதான் முதல்ல மாட்டும். மாமு, நீதான் விசாரிக்கணும். டிரெய்லர் அடியில பூந்து பாக்கறவன் நீ. வர்ற ஞாயித்துக்கு அட்த்த ஞாயிறு, ரெண்டு மணிக்கு, இதே கடையில யாருன்னு சொல்லு. அவங்கள தூக்கிப் போட்டுட்டு அப்பால கோட்டைக்குப் போவோம்."

தன்னைத் தானே விசாரிக்கும் பொறுப்பு இப்படி அவருக்கு வந்து சேர்ந்தது. உண்மையைச் சொன்னால் தன் சட்டப்படியே படையை விட்டு வெளியே போகவேண்டும். சொல்லாவிட்டால் வெண்ணிலாவைத் தூக்கவேண்டும், அவளோ நிரபராதி. அது அவரைவிட வேறு யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது.

மூன்றாவது வழி, உண்மையான உளவாளியைப் பிடிப்பது. அவர் தொழில்முறையாகவே இறங்கினார். இடையில் வந்த ஞாயிறன்று ஃப்ரெடியிடம் மட்டும், "நாலு இருபதுக்கு அடிக்கிறோம்" என்றார். ரஹீமுன்னிசாவிடம் மட்டும், "நாலு நாற்பது." நாலு இருபதுக்குக் கருவாட்டை விட்டுப் பார்த்தார், எதிரிக் கோட்டையில் அசைவில்லை. நாலு நாற்பதுக்கும் இல்லை. ஐந்து ஐந்துக்கு, யாரிடமும் சொல்லாமல், "கிளம்பு" என்று ஓர் உத்தரவு போட்டுவிட்டு ஓடினார். கதவு மூடியது.

ஐந்து ஐந்து என்பது ஒரே ஒரு ஆளுக்குத்தான் முன்கூட்டித் தெரியும். எத்திராஜ் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தார். அதே ஆள்தான் வந்தார். பிறகு இரண்டு நாள் தன் போனைச் சந்தேகப்பட்டார், ஒரு நாள் சொக்கம்மாளை.

வியாழக்கிழமை பகல் பதினோரு மணிக்கு ஒரு டிரெய்லர் மேடையில் ஏறியது. "டிரைவர் எறங்கு," என்றார்.

டிரைவர் இறங்கி வந்தான். முப்பது வயதிருக்கும், கையில் போன். வாரம் இரண்டு தடவை வருகிறவன். அன்புமணி என்று சீட்டில் அவரே அடித்திருக்கிறார், முகத்தை நிமிர்ந்து பார்த்ததில்லை. ஜன்னல் துளைக்குக் குனிந்து, "எறங்கிட்டேன் கருவாடுண்ணா," என்றான்.

எத்திராஜின் கை விசைப்பலகையிலேயே நின்றது. "யாரு கருவாடு?"

"சும்மா இருண்ணா. நான் வியாசை வேங்கை. எம்.கே.பி. நகரு. கியூவுல நாலு மணி நேரம் நிக்க வெக்கிறீங்களே, அங்க வேற இன்னா பண்ணுவோம்? முன்னாடி பின்னாடி நிக்கிற வண்டில பாதிப் பேரு இத்ததான் ஆடிகினு கீறான்."

"அதுக்கு?"

"குட்டிச்சாத்தான் ஒண்ணு செத்தா, கருவாடு இன்னா எழுதுவான் தெரியுமா? 'அ.வ.' மொத நாள் மறந்துபோய் முழுசா எழுதிட்டான். 'அடுத்த வண்டி'ன்னு. சாத்தான் செத்ததுக்கு எந்த ஊர்லண்ணா அட்த்த வண்டின்னு எழுதுவான்? அப்ப இங்க உன் ஸ்பீக்கரு கத்திச்சு. சேம் டயலாக்கு."

எத்திராஜ் திரையில் இருந்த எடையைப் பார்த்தார். "தெரிஞ்சிம் ஏன் துரத்தல?"

"துரத்தினா எங்களுக்கு யாரு மணி அடிக்கிறது? நீ சும்மா இருக்க சொல்ல கருவாடு அங்க இங்க சுத்துவான். உங்க ஆளுங்கள இஸ்துகினு கெளம்பும்போது அவன் மரமா நிப்பான். உனக்கு இருக்கிறது ரெண்டு கைதானே? கருவாடு நின்னா கதவ மூடு, அவ்ளோதான் எங்க ஆர்டரு." அன்புமணி சீட்டுக்குக் கையை நீட்டினான். "எட போடுண்ணா. பின்னாடி ஹார்ன் அடிக்கிறான்."

சீட்டை நீட்டினார். வழக்கமான இரண்டு வார்த்தை வாய் வரைக்கும் வந்து நின்றுவிட்டது. அடுத்த டிரெய்லர்காரர் தானாகவே ஏறிக்கொண்டார்.

அந்த ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு டீக்கடை. எத்திராஜ் ஒன்றே முக்காலுக்கே வந்து உட்கார்ந்திருந்தார். பொய் ஒன்று கைவசம் இருந்தது: உளவாளி முனிரத்தினம், தூக்கியாகிவிட்டது, விஷயம் முடிந்தது. பேசாத குள்ளனுக்காக யாரும் வாதாடமாட்டார்கள். அதை மனசுக்குள் இரண்டு முறை ஏற்றி நிறுத்திப் பார்த்தார். அவரே பிடித்திருக்கக்கூடிய பொய். தவிர, கருவாடு இருக்கும்வரை அடுத்த ஞாயிறும் கதவு மூடும்.

ஆகவே சொன்னார். நாலு ஐடியையும், மருந்து, சாவி, உளவு என்று எதற்கு எது என்பதையும், அன்புமணி சொன்னதையும் சொன்னார். டீ ஆறிப்போனது.

ஃப்ரெடி டம்ளரைத் தள்ளி வைத்தான். "அஞ்சாங்கிளாஸ்லேர்ந்து பழகறோம்," என்றான். "மருந்து என் கைல குட்த்தா உன்ன சாகடிச்சிடுவேன்னு நெனச்ச."

"உன்ன மட்டும் இல்ல ஃப்ரெடி. எல்லாரையுந்தான் நெனச்சேன்."

"அது எனக்கு ஆறுதலா சொல்றியா?"

ரஹீமுன்னிசா பிஸ்கட்டை டீயில் முக்கினாள். "எனக்கு ஆறு மாசமா தெரியும்ண்ணா."

எத்திராஜ் அவளைப் பார்த்தார்.

"வெண்ணிலா அவ்ளோ அழகா எழுதும். 'மனம் தளராதீர்கள் தோழி'ன்னு எழுதிட்டு, ஓநாய் ஒண்ண சாகடிச்சதும் 'அடுத்த வண்டி'ன்னு எழுதும். நீயும் வாய்ஸ்ல அதேதானே சொல்ற. மத்தத எல்லாம் மாத்தின. அந்த ரெண்டு வார்த்த எழுத்துத் தமிழ்லயும் அப்படியேதானே வருது, அதான் உனக்குத் தோணல."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ வெண்ணிலாவ நிறுத்திடுவ. அப்பறம் என் கைய பத்தி யாரு கேப்பா, நீயா?"

எத்திராஜ் எழுந்துகொண்டார். "சட்டம் சட்டந்தான். நான் கெளம்பறேன்."

"ஒக்காரு," என்றான் ஃப்ரெடி. "ஒரு ஆளுக்கு ஒரு ஐடின்னுதானே நீ எழுதின. மூண வெட்டு. ஒண்ணு நிக்கட்டும்."

"இரும்புசாமி..."

"அத்த நீ சொல்லாத. நாங்க சொல்றோம்." ஃப்ரெடி ரஹீமுன்னிசாவைப் பார்த்தான், அவள் தலையாட்டினாள். "வெண்ணிலா நிக்கட்டும். மத்த மூணு பேரையும் எங்களுக்குப் புடிக்கல. கேடயம் நான் தூக்கறேன். தலைமை ரஹீமாக்கு."

"முன்னால நீ சரியா நிக்கிறியான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"பின்னாலேர்ந்து பாத்துகினு இரு மாமு. வைத்தியச்சிக்கு வேற இன்னா வேல?"

அன்று நாலு மணிக்கு எத்திராஜ் ஒரே ஒரு போனுடன் உட்கார்ந்தார். சொக்கம்மாள் தன் போன் திரும்பி வந்ததை நம்பாமல் இருபுறமும் திருப்பிப் பார்த்தாள். நாலு முப்பத்தைந்துக்குப் படை கிளம்பியது. எதிரிகள் கருவாட்டைத் தேடியிருக்கவேண்டும்; கதவு கடைசி வரை திறந்தே கிடந்தது.

பின்வரிசையில் நிற்பது அவர் நினைத்ததைவிட வசதியாக இருந்தது. பதினேழு வருடம் ஒவ்வொரு வண்டியாகப் பார்த்தவருக்கு இங்கே எல்லாருடைய முதுகும் ஒரே நேரத்தில் தெரிந்தது, ஒவ்வொரு தலைக்கு மேலும் உயிர் எவ்வளவு பாக்கி என்று பச்சைக் கோடும் தெரிந்தது. கோடு கோடாகச் சந்தேகப்பட்டார். ரஹீமுன்னிசா ஏன் இடதுபுறம் ஒதுங்குகிறாள்? அம்பு தீர்ந்துவிட்டதா, மணிக்கட்டு வலியா? அவளுக்கு ஒரு சுற்று மருந்து அனுப்பினார்.

உள்கதவருகே ஃப்ரெடியின் கோடு சடாரென்று சிவப்பானது. "மாமு, மருந்து," என்று வாய்ஸில் கேட்டது.

எத்திராஜ் மருந்தை அனுப்பினார். அனுப்பிய பிறகுதான் மைக்கைத் தட்டி, வெண்ணிலாவின் குரல் இதுதான் என்று படை முதல்முறையாகக் கேட்கும்படி, "நெஜமாவே அடி பட்டுச்சா?" என்றார். கேள்வி முதலில், சீட்டு அப்புறம் என்பதுதான் பதினேழு வருட வழக்கம்.

"நம்பிக்கை இல்லன்னா சொல்லு மாமு," என்றான் ஃப்ரெடி, கேடயத்தை ஊன்றியபடி. "எறங்கி தள்ளி நிக்கிறேன். வந்து எட போட்டுக்க."