மூன்று தடவையும் பத்து

அந்த வேதியியல் ஆசிரியைக்குக் கல்லூரியில் சொட்டு மேடம் என்று பெயர். மாணவர்கள் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடும் பியூரெட் குழாயைத் திருகும்போது பின்னால் நின்றுகொண்டு, "ஒரு சொட்டு, இன்னும் ஒரே ஒரு சொட்டு" என்று இருபத்திரண்டு வருடமாகச் சொல்லி வந்ததில் ஒட்டிக்கொண்ட பெயர். அவளுக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொள்வாள்.

அந்தப் பருவம் தொடங்கும்போதே முதல்வர் சனிக்கிழமையையும் வேலைநாளாக்கிவிட்டார். போன வருடம் தேர்ச்சி சரிந்துவிட்டதாம். ஞாயிறு முழுக்க நோட்டுத் திருத்துவதில் போய்விடும். எட்டாவது வாரம் வந்தபோது வகுப்பில் பாதித் தலைகள் மேசைமேல் கிடந்தன. மீதிப் பாதி எப்போது சாயலாம் என்று சமயம் பார்த்துக்கொண்டிருந்தது. அவளே ஒருநாள் கரும்பலகையில் சமன்பாட்டைப் பாதி எழுதிவிட்டு, மீதி எங்கே போயிற்று என்று சாக்பீஸைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த வாரச் சனிக்கிழமை செய்முறை வகுப்பு. சோடாக் கரைசலை அமிலத்தால் அளக்க வேண்டும். இளஞ்சிவப்பு நிறம் மறைகிற இடத்தில் அளவைக் குறிக்க வேண்டும். இருபது மில்லிக்குப் பக்கத்தில் வர வேண்டும் என்று சொல்லித்தான் ஆரம்பித்தாள். முதலில் வந்தவன் பத்து என்றான். அடுத்தவள் பத்தரை என்றாள். பின்னால் வந்தவர்களும் பத்தைச் சுற்றியே சொன்னார்கள்.

"கண்ணைத் தொறந்து வச்சுத்தான் பண்ணீங்களா? கொட்டிட்டு மறுபடி பண்ணுங்க. இருபது வராம யாரும் சாப்பிடப் போகக் கூடாது."

மறுபடி செய்தார்கள். கொஞ்ச நேரத்தில் அதிசயம் நடந்தது. பத்தொன்பது எட்டு, இருபது, இருபது புள்ளி ஒன்று என்று வரிசையாக வர ஆரம்பித்தது. அவளும் கையெழுத்துப் போட்டுக்கொண்டே போனாள்.

ஆய்வக உதவியாளர் குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்தவர், மெதுவாகப் பக்கத்தில் வந்தார். "மேடம், தப்பா நெனைக்காதீங்க. முதல்ல எல்லாருக்கும் பத்துதானே வந்துச்சு. முப்பத்திரண்டு பேரும் சொல்லி வச்ச மாதிரி ஒரே தப்பைப் பண்ணுவாங்களா?"

அவள் பேனா நின்றது. எழுந்து எடை போடும் அறைக்குப் போனாள். நேற்றுச் சாயங்காலம் கரைசலைத் தயாரித்தது அவள்தான். இருபது கிராம் வேண்டும். சின்ன பீக்கரில் கொள்ளாது என்று பத்துப் பத்தாக இரண்டு தடவை நிறுக்க வேண்டும். எடைப் புத்தகத்தில் அவள் கையெழுத்தில் ஒரே ஒரு பத்து இருந்தது. இரண்டாவதைக் காணோம். முதல் தடவைக்குப் பிறகு நாற்காலியில் ஒரு நிமிடம் கண்ணை மூடியது நினைவுக்கு வந்தது. திறந்ததும், இரண்டும் முடிந்ததென்று மூடியைத் திருகி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

கரைசலில் பாதிதான் சத்து. பத்து வந்ததுதான் சரி.

அப்படியென்றால் அந்த இருபதெல்லாம் எங்கிருந்து வந்தது? முன்வரிசையில் தடித்த கண்ணாடி போட்ட பெண் உட்கார்ந்திருந்தாள். தேர்வில் பக்கத்து விடைத்தாளைக் காட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பெண். அவள் நோட்டில் 19.8 என்று இருந்தது. கீழே ரப்பரால் தேய்த்த தடம்.

"உனக்கு நிஜமா எவ்ளோ வந்துச்சு?"

பெண் அந்தத் தடத்தை விரலால் மறைத்தாள். "மூணு தடவையும் பத்துதான் மேடம் வந்துச்சு. நீங்க இருபதுன்னு சொன்னீங்க. பசிச்சுது."

சொட்டு மேடத்துக்குச் சுருக்கென்று தைத்தது. கரைசல் கெட்டால் கொட்டிவிடலாம். பொய் சொல்லத் தெரியாத பெண்ணுக்குப் பொய் எழுதக் கற்றுக்கொடுத்ததை எந்தத் தொட்டியில் கொட்டுவது?

வகுப்பின் நடுவில் வந்து நின்றாள். "தப்பு என்னோடது. நான்தான் பாதி போட்டிருக்கேன். பத்துன்னு சொன்னவங்க அத்தனை பேரும் சரி. நான் திட்டினதுக்கு மன்னிச்சிருங்க. எல்லாரும் குடுவையைக் கழுவி வச்சிட்டு வீட்டுக்குப் போங்க. போய்த் தூங்குங்க. அடுத்த சனிக்கிழமை இந்த ஆய்வகம் பூட்டித்தான் இருக்கும்."

திங்கட்கிழமை முதல்வர் அறையில் துறைத் தலைவரும் இருந்தார். அவள் எழுதிய விளக்கக் கடிதம் மேசைமேல் இருந்தது. பிழை தன்னுடையது, காரணம் எட்டு வாரமாக ஓய்வில்லாதது, மாணவர்களும் அதே நிலையில் இருப்பதால் சனிக்கிழமை ஆய்வகத்தைத் திறக்க முடியாது என்று நான்கு வரி.

"தராசு சரியில்லைன்னு ஒரு வரி போட்டா போதும், முடிஞ்சிரும்" என்றார் துறைத் தலைவர், பூசி மெழுகுகிற குரலில்.

"தராசு நல்லாத்தான் சார் இருக்கு. நான்தான் நல்லா இல்ல."

முதல்வர் கண்ணாடியைக் கழற்றினார். "ஓடுற குதிரைதான் மேடம் ஜெயிக்கும்."

"ஓடுற குதிரைக்கும் சேணத்தைக் கழட்டுவாங்க சார்."

"இந்த ஓய்வு விஷயத்தை மட்டும் எடுத்துடுங்க. மேலிடத்துல பார்த்தா என்ன நெனைப்பாங்க?"

"பார்க்கட்டும்னுதான் எழுதினேன். அன்னிக்கு வெறும் சோடா. நாளைக்கு அடர் அமிலமா இருந்தா? தூக்கக் கலக்கத்துல ஒரு பிள்ளை முகத்துல கொட்டினதுக்கப்புறம் இதே வரியை எழுதணுமா? ஒரு எழுத்தைக்கூட எடுக்க மாட்டேன்."

கடிதத்தை மேசைமேலேயே விட்டுவிட்டு வெளியே வந்தாள்.

அடுத்த சனிக்கிழமை அவள் போகவில்லை. பகல் பத்தரைக்குப் போர்வைக்குள் இருந்தாள். கூடத்தில் தொலைபேசி அடித்தது. கணவர் எடுத்தார். மறுமுனையில் முதல்வர். வாய் கொஞ்சம் நீளம் என்று அவள் அடிக்கடி சலித்துக்கொள்ளும் மனிதர்.

"தூங்குறாங்க சார்... இல்ல சார், உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நல்லா இருக்கணும்னுதான் தூங்குறாங்க."

அவள் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

பலன் உடனே வந்தது. தேர்வுக் குழுப் பட்டியலில் அவள் பெயர் இல்லை. அவள் கோப்பில் ஒரு கண்டனக் கடிதம் ஏறியது. சனிக்கிழமை ஆய்வகத்துக்கு வேறு ஆளைப் போட்டுப் பார்த்தார்கள். முதல் வாரம் பதினொரு பேர் வந்தார்கள், அடுத்த வாரம் நான்கு. மூன்றாவது வாரம் உதவியாளர் மட்டும் வந்து, குடுவைகளைத் துடைத்து வைத்துவிட்டுப் போனார். அதன்பிறகு யாரும் எதுவும் அறிவிக்கவில்லை. கால அட்டவணையில் மட்டும் அந்தக் கட்டம் வெறுமையாகிவிட்டது.

பருவம் முடியும் முன் ஒரு வேலைநாளில் அவள் அதே சோதனையை மறுபடி வைத்தாள். எவ்வளவு வர வேண்டும் என்று யாருக்கும் சொல்லவில்லை. கண்ணாடிப் பெண் பதினேழு புள்ளி நான்கு என்று கொண்டுவந்து நீட்டினாள்.

"நிஜமா?"

"மூணு தடவையும் அதுதான் மேடம். நீங்க வேணும்னா கரைசலைச் சரிபாருங்க."

சொட்டு மேடம் அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே கையெழுத்துப் போட்டாள்.